கல்லறைக் கட்டணத்தில் போட்ட தளம்

1. காரை விழுந்த ஞாயிறு

பிரசங்கம் பாதி நடந்துகொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்தில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. ஒரு முறம் அகலம் இருக்கும். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் ஒரு அம்மாள் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. பிள்ளைகள் அலறினார்கள். ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். காரை விழுந்த இடத்தில் ஒரு மர உத்திரம் தெரிந்தது. அதன் மேல் கரையான் மண் ஓடியிருந்தது.

நான் அப்போது சபைக் குமாஸ்தா. பெயர் ஆபிரகாம். மாதச் சம்பளம் பதினெட்டு ரூபாய். காணிக்கைக் கணக்கு, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய மூன்று ரிஜிஸ்தர்கள், கல்லறைத் தோட்டத்துச் சாவி, இவ்வளவும் என் பொறுப்பு.

எங்கள் கோயில் பூந்தமல்லியில் பட்டாளம் இருந்த காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகச் சர்க்கார் கட்டியது. கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பட்டாளம் இருந்தவரை வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது எல்லாம் சர்க்கார் செலவு. பட்டாளம் போன பிறகு கோயிலைத் தமிழ்ச் சபைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை நாங்கள் பள்ளிக்கூடக் கொட்டகையில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தோம். சாவி கைக்கு வந்த அன்று சபையார் பட்டாசு வெடித்தார்கள். நானும் வெடித்தேன்.

காரை விழுந்த மறுநாள் மராமத்து இலாகாவுக்கு எழுதினேன். ஒரு ஓவர்சியர் வந்து, ஏணி வைத்து ஏறிப் பார்த்து, எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். "சர்க்கார்லேந்து ஒரு சல்லி வராதுங்க. கோயில் இப்ப உங்க சொத்து" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனார்.

2. பித்தளை துடைக்க வந்த பணம்

சபையில் ஏறக்குறைய தொண்ணூறு குடும்பங்கள். ஆஸ்பத்திரி வார்டு பாய், ஜட்கா வண்டிக்காரர், தோல் பதனிடும் ஷெட்டுக் கூலி, காளவாயில் சுண்ணாம்பு சுடுகிறவர், இரண்டு மூன்று வாத்தியார்கள். சொத்து உள்ளவர் என்றால் கமிட்டிப் பொருளாளர் சாலமோன் பிள்ளை ஒருவர்தான். ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்திரார். தன் பங்காக நூறு ரூபாய் அவர் முதலில் வைத்தார் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

இரண்டு வருஷம் சந்தா நோட்டை எடுத்துக்கொண்டு அலைந்தேன். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த காய்கறியை ஏலம் விட்டதில் பூசணிக்காய் மூன்று ரூபாய்க்குப் போனது. பருத்திப்பட்டிலிருந்து இரண்டு குடும்பங்கள் நெல் மூட்டை கொண்டுவந்து போட்டார்கள். மாங்காட்டுப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த ஒருவர் எங்கள் மதத்தைச் சேர்ந்தவர் அல்லர். வழியில் என்னைப் பார்த்து என்ன நோட்டு என்று கேட்டார். சொன்னேன். "சாமி எதுவா இருந்தா இன்னா, கூரை ஜனங்க தலைல உழக் கூடாது" என்று ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

கோயில் சுவர் முழுக்கப் பித்தளைப் பலகைகள் உண்டு. காய்ச்சலில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள் பெயர்கள். அந்த ரெஜிமென்ட் இப்போது சீமையில் எங்கே இருக்கிறதென்று விசாரித்து, ஐயர் இங்கிலீஷில் நான்கு பக்கக் கடிதம் எழுதினார். எட்டு மாதம் கழித்து பதில் வந்தது. ஐந்து பவுன் அனுப்பியிருந்தார்கள். தங்கள் வீரர்களின் பலகைகளைத் துடைத்து வைக்க மட்டும் அதைச் செலவிட வேண்டும் என்றும், செலவு விவரம் அனுப்ப வேண்டும் என்றும் கண்டிருந்தது. புளியும் பாலிஷும் வாங்கி ஆள் வைத்துத் துடைத்தேன். அந்த மழைக்காலத்தில் கூரை ஏழு இடத்தில் ஒழுகியது. பலகைகள் பளபளத்தன.

எப்படியோ ஆயிரத்துத் தொள்ளாயிரம் சேர்ந்தது. எஸ்டிமேட்டுக்கு மேலேயே நூறு ரூபாய். பங்குனியில் வேலையைத் தொடங்கினோம்.

3. என் யோசனை

வேலையை எடுத்தவர் காசிம் மேஸ்திரி. பூந்தமல்லிக்காரர். அப்பா காலத்திலிருந்தே மெட்ராஸ் டெரஸ் போடுவதில் பெயர் பெற்ற குடும்பம். தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டை, அதன் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு நாள் கணக்கில் தட்டி இறுக்குவது. அதுதான் மெட்ராஸ் டெரஸ். பழைய தளத்தைப் பிரித்த மூன்றாவது வாரம் அவர் என்னைச் சாரத்தின் மேல் ஏறி வரச் சொன்னார்.

"குமாஸ்தா சார், இங்க பாருங்க." உத்திரத்தின் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. "மேலாப்ல மரம். உள்ள வெறும் மண்ணு. ஓவர்சியரு கீயேர்ந்து பாத்து ரெண்டு உத்தரம்னு எய்திட்டாரு. ஆறு போய்க்கீது."

நான்கு தேக்கு உத்திரம் கூடுதலாக மெட்ராஸிலிருந்து வண்டியில் வரவேண்டியிருந்தது. ஆனி மாதம் கையில் பணம் தீர்ந்தது. கூரை முழுக்கத் திறந்து கிடந்தது. பீடத்தின் மேல் காக்கை உட்கார்ந்தது. ஆராதனையை மறுபடி பள்ளிக்கூடக் கொட்டகைக்கு மாற்றினோம்.

காசிம் மேஸ்திரி கமிட்டிக்கு வந்து நின்று சொன்னார். "முந்நூறு ரூபா இருந்தா மூடிக் குடுத்துட்றேன். தளம் போட்டு ஒணர நாப்பது நாளு வெயில் வோணும். ஐப்பசி மய வர்றதுக்குள்ள மூடலன்னா செவுரு ஊறிடும். அப்பால கூரை போட்டும் நிக்காது. இதுக்கு மேல உங்க இஷ்டம்."

அவர் போன பிறகு கமிட்டியில் பணத்துக்கு வழி தேடினோம். சந்தா கேட்டுக் கேட்டு என்னைக் கண்டாலே தெருவில் ஜனங்கள் திரும்பி நடந்த சமயம் அது. அப்போதுதான் நான் சொன்னேன். சொன்னது நான். இதை வேறு யார் மேலும் போட மாட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய அதுவரை குழி வெட்டுகிறவன் கூலி ஒரு ரூபாய்தான். அதற்கு மேல் கோயிலுக்குக் கட்டணமாக, ஒரு அடக்கத்துக்குப் பத்து ரூபாய் என்று வைக்கலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு சாவு வருகிறது. கல்யாணத்துக்குக் கடன் வாங்கியாவது செலவழிக்கிறவர்கள் சாவுக்கும் கொடுப்பார்கள். கூரை முடிந்த பிறகும் வெள்ளையடிக்க, பராமரிக்க அது நிரந்தர வருமானமாக இருக்கும். இவ்வளவையும் மடமடவென்று சொன்னேன். நல்ல யோசனை சொல்கிறோம் என்ற சந்தோஷம் எனக்கு இருந்தது.

ஐயர் தயங்கினார். "செத்தவங்க பேர்ல வசூலா, ஆபிரகாம்?"

சாலமோன் பிள்ளை கேட்டார். "கொடுக்க முடியாதவனை என்ன பண்றது?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குக் கிழக்கே, ஏரிப் பக்கம், ஒரு துண்டுப் புறம்போக்கு கிடந்தது. யாரும் பயன்படுத்துவதில்லை. முடியாதவர்கள் அங்கே புதைத்துக்கொள்ளட்டும், ஐயர் வந்து ஜெபம் பண்ணுவார் என்றேன்.

தீர்மானம் நிறைவேறியது. கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பொருளாளர் ஒரு ஷரத்துச் சேர்த்தார்: ரசீது நம்பர் இல்லாமல் அடக்க ரிஜிஸ்தரில் பெயர் ஏறக் கூடாது. வெளியே புதைப்பதைக் கிராம முன்சீப் தன் சாவுக் கணக்கில் எழுதிக்கொள்வார் என்று விட்டுவிட்டோம். அடுத்த ஞாயிறு நானே சபையில் வாசித்தேன். யாரும் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனி மாதத்தில் ஒரே ஒரு சாவு. பத்து ரூபாய் வந்தது.

4. ஆடி

அந்த வருஷம் கோடை மழை இல்லை. ஏரி அடி தெரிய வற்றி, கிணறுகளில் சேற்றுத் தண்ணீர்தான். ஆடி பிறந்த வாரம் தோல் ஷெட்டுக் குடிசைகளில் வாந்தி பேதி ஆரம்பித்தது. பிறகு எங்கள் தெரு. பிறகு முஸ்லிம்கள் இருந்த தெருக்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து கிணறுகளில் மருந்து கரைத்தார். தண்ணீர் சிவப்பாகிவிட்டது. பயந்துபோய் ஜனங்கள் அதைக் குடிக்காமல் ஏரிக் குட்டையில் மொண்டு குடித்தார்கள். சந்தையை மூடிவிட்டார்கள். ஆவடி ஸ்டேஷனுக்கு மூட்டை முடிச்சோடு நடந்துபோனவர்களைத் தினமும் பார்த்தேன்.

செத்த சில மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும், ஆழமாக வெட்ட வேண்டும், மேலே சுண்ணாம்பு கொட்ட வேண்டும், மூடிய குழியைத் திரும்பத் தோண்டக் கூடாது என்பது இன்ஸ்பெக்டர் உத்தரவு. சுண்ணாம்பு எங்களிடம் இருந்தது. கூரைக்காக வாங்கிக் கோயில் பின்புறம் குவித்து வைத்திருந்தோம். அதிலிருந்து எடுத்தார்கள்.

ஆறு வாரத்தில் எங்கள் சபையில் முப்பத்தெட்டுப் பேர் செத்தார்கள். இருபத்தேழு பேரைச் சுவருக்குள் வைத்தோம். ஜனங்கள் கொடுத்தார்கள். என் கணிப்பு அந்த விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது. பாத்திரம் விற்றார்கள், கம்மலை அடகு வைத்தார்கள். அப்பன் ஆத்தாள் கிடக்கிற சுவருக்கு வெளியே பிள்ளையைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. அழுதுகொண்டே காசை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். நான் ரசீது எழுதிக் கொடுப்பேன். பதினொரு பேர் வெளியே போனார்கள்.

ஆடி முடிவதற்குள் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிட்டது. அதில் நூற்றைம்பதை எடுத்துக்கொண்டு காசிம் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். பணத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"போன மாசம் ஒண்ணுமில்லன்னீங்களே. எங்கேர்ந்து வந்திச்சி?"

சொன்னேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"எங்க தெருவுல பதினாலு மையத்து. எங்க அண்ணன் ஊட்ல ரெண்டு. யாரும் யாராண்டயும் துட்டு கேக்கல" என்றார். பிறகு, "சரி, குடுங்க. சித்தாளுங்க ஊட்ல ஒல வெச்சி ஒரு மாசம் ஆவுது" என்று வாங்கிக்கொண்டார். ஆவணி முதல் வாரம் வேலை மறுபடி தொடங்கியது.

என் வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள், நான். தகரப் பெட்டியில் பத்து ரூபாயைத் தனியாக முடிந்து வைத்திருந்தேன். எதற்கென்று மனைவி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் ரசீதுக்கு.

5. குடை

மாசிலாமணி எங்கள் சபையைச் சேர்ந்தவன். முப்பது வயதிருக்கும். திருமுல்லைவாயில் பக்கத்துக் காளவாயிலிருந்து சுண்ணாம்பு ஏற்றிவரும் மாட்டுவண்டி அவனுடையது. கோயில் கூரைக்கு வந்த சுண்ணாம்பு முழுவதும் அவன் வண்டியில் வந்ததுதான். மனைவி பெயர் ரெபேக்காள். சாமுவேல், எஸ்தர் என்று இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை.

சாமுவேல் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை செத்தான். ஒன்பது வயது. மாசிலாமணி ஒரு மாட்டைப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த மாடு நாற்பது பெறும். பத்தை என்னிடம் கட்டினான். மீதி இரண்டு கோடித் துணிக்கும் குழிக்கும் போயிற்று. பையனைக் கிழக்குச் சுவர் ஓரமாக வைத்தோம். உள்ளே மிஞ்சியிருந்தது அந்த ஓரம்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். நுகத்தடியின் ஒரு பக்கம் மாடு. இன்னொரு பக்கம் மாசிலாமணி தோள் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்திருந்தான். வண்டியில் பாயில் சுற்றி எஸ்தர். ஏழு வயது. ரெபேக்காள் கைக்குழந்தையோடு பின்னால் வந்தாள்.

"அய்யா, துட்டு இல்ல. ரெண்டாவது மாட்டையும் ஓட்டிகினு போய்ப் பாத்தேன். சந்தைய மூடிட்டாங்கோ, வாங்க ஆளில்ல" என்றான் மாசிலாமணி. "எனக்குப் புது எடம் வாணாய்யா. நேத்து முந்தா நாளு சாமுவேல வெச்சமே, அந்தக் குயிக்குள்ளயே இவளயும் வெச்சிக்கறேன். நானே தோண்டிக்கறேன். கூலி கூட வாணாம்."

ஐயர் அப்போது ஊரில் இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராம சபைகளிலும் நோய் பரவி, அங்கே போயிருந்தார். நான் சாலமோன் பிள்ளை வீட்டுக்கு ஓடினேன். நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தார். ஜன்னல் வழியாகப் பேசினார்.

"பழைய குழியைத் தோண்டக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் ஆர்டர் இருக்கு."

"புதுக் குழிக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணலாமா சார்?"

"இன்னைக்குக் காலையில தோல் ஷெட்டுக் கிழவிக்கு இல்லேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"மத்தியானம் இவனுக்கு மட்டும் எப்படி முடியும்? அந்தக் கிழவி மகன் வந்து கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா? ரூல் எழுதினது நீங்கதானே மிஸ்டர் ஆபிரகாம்."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. திரும்பி நடந்தேன். வழியில் என் வீடு. வாசலில் நின்றேன். உள்ளே தகரப் பெட்டியில் பத்து ரூபாய் இருந்தது. என் சின்னப் பெண் காலையிலிருந்து வயிற்று வலி என்று படுத்திருந்தாள். அவளை எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

கேட்டில் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். முடியாது என்று சொன்னேன்.

"கதவ மட்டும் தொறங்க அய்யா. நீங்க பாக்காத மாரி இருந்துக்கோங்க" என்றாள் ரெபேக்காள். சாவி என் இடுப்பில் இருந்தது.

மாசிலாமணி அவளை அதட்டினான். "உடு. அவுரு இன்னா பண்ணுவாரு." பிறகு என்னிடம், "வெளியவே வெச்சிக்கறோம். பையன் எந்த எடத்துல கீறான்னு வெளியேர்ந்து தெரில. நீங்க உள்ள போயி, அவன் தலமாட்ல நின்னு, குடைய செவுத்துக்கு மேல தூக்கிப் புடிக்கிறீங்களா? அதுக்கு நேரா தோண்டிக்கறேன்" என்றான்.

அதைச் செய்தேன். கேட்டைத் திறந்து, நான் உள்ளே போய், மறுபடி சாத்திக்கொண்டு, சாமுவேலின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று குடையை உயர்த்திப் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. காய்ந்த ஏரி மண், பாறை மாதிரி இருந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கை மரத்துப்போயிற்று. மாற்றி மாற்றிப் பிடித்தேன். "போதும்யா" என்று அவன் குரல் கேட்டதும் இறக்கினேன். ஜெபம் பண்ண ஐயர் இல்லாததால் அவர்களே ஏதோ சொன்னார்கள். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

என் பெண்ணுக்கு வந்தது வெறும் வயிற்று வலிதான். இரண்டு நாளில் எழுந்துவிட்டாள். அந்தப் பத்து ரூபாயில் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்தோம்.

ஐயர் திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். "எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே" என்றார். பிறகு, "அனுப்பியிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல ஆபிரகாம்" என்றார். வெளியே இருந்த மண்மேடுகளுக்குப் போய் ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஜெபம் பண்ணினார். அவருக்கும் அத்தனை பெயரும் தெரியவில்லை.

6. ஐப்பசி

ஆவணி முடிவதற்குள் மீதிப் பணத்தையும் கொடுத்து முடித்தேன். கடைசியில் குறைந்த இருபது ரூபாயைக் காசிம் மேஸ்திரி விட்டுக்கொடுத்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துச் சித்தாள் பெண்கள் மரக்கட்டையால் தளத்தைத் தட்டினார்கள். தளம் தட்டும்போது பெண்கள் பாடுவது வழக்கம். அந்த வருஷம் யாரும் பாடவில்லை. தட்டும் சத்தம் மட்டும் காலை முதல் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தது. புரட்டாசிக் கடைசியில் வேலை முடிந்தது.

ஐப்பசி நாலாம் தேதி மழை பிடித்தது. ஆறு நாள் விடாமல் பெய்தது. கோயிலுக்குள் ஒரு சொட்டு இல்லை. நான் உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கர்த்தர் மழையைக் காத்திருக்க வைத்தார் என்று சபையார் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஏரி நிரம்பி விளிம்பு கடந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவர் தண்ணீரைத் தடுத்துவிட்டது. வெளித் துண்டு மூழ்கியது. நான் போய்ப் பார்த்தபோது மாசிலாமணி முழங்கால் தண்ணீரில் நின்று, காலால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சொன்னான்.

"இன்னோரு தபா அந்தக் குடைய தூக்கிப் புடிங்கய்யா."

மழையில் நனைந்துகொண்டு உள்ளே போய்த் தூக்கிப் பிடித்தேன். அதற்கு நேராக அவன் நின்றுகொண்டான். ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றான். சாயங்காலம் ரெபேக்காள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தை மாதம் தண்ணீர் வடிந்தபோது மேடு ஒன்றும் இல்லை. சமமாக வண்டல் படிந்து, கோரை முளைத்திருந்தது. அதற்குள் மாசிலாமணி மீதி மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டுப் பெரம்பூர் போய்க் கூலி வேலையில் சேர்ந்திருந்தான். அவன் எங்கள் கோயிலுக்கு மறுபடி வரவில்லை.

அதற்கு முன் கார்த்திகையில் கோயிலைப் புதுப்பித்துப் பிரதிஷ்டை செய்தார்கள். பிஷப் வந்தார். ஏழைச் சபை இவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்ததென்று பிரசங்கம் செய்தார். பிறகு என் பெயரைச் சொல்லி முன்னால் கூப்பிட்டு, தோல் அட்டை போட்ட வேதாகமம் ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

7. ரெபேக்காள் கேட்டது

அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு ரெபேக்காள் பெரம்பூரிலிருந்து தனியாக வந்தாள். சாமுவேல் மேட்டில் புல்லைப் பிடுங்கி, மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு சுவர் ஓரம் ஒன்று ஏற்றினாள். கூட்டம் கலைந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அய்யா, செத்தவங்க பேரு எய்தற நோட்டு ஒண்ணு உங்களாண்ட கீதாமே. அதுல எம் பொண்ணு பேரு கீதா?"

"இருக்கும்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"படிச்சிக் காட்டுங்க."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரிஜிஸ்தரை எடுத்து, அந்த ஆவணி மாதப் பக்கத்தைப் பிரித்தேன். சாமுவேல் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அடுத்த ரசீதுக்காரர் பெயர். நான் தாளைப் பார்த்தபடி வாசித்தேன். "எஸ்தர். வயது ஏழு. தகப்பன் பெயர் மாசிலாமணி. தாயார் பெயர் ரெபேக்காள். ஊர் பூந்தமல்லி." தாளில் அப்படி ஒரு வரி இல்லை.

"எந்த எடத்துல? தொட்டுக்கறேன்."

சாமுவேல் பெயரைக் காட்டினேன். அவள் விரலை வைத்துத் தடவினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுராண்ட சொல்றேன். பேரு கீதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் சோறு துன்னுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் போட்டேன். ரசீது நம்பர் கட்டத்தைக் கோடு போட்டு அடித்தேன். எஸ்தர் பெயரை முதலில் எழுதினேன். அந்தத் தோல் ஷெட்டுக் கிழவி பெயர் கன்னியம்மாள். நினைவு வந்தது. ஒவ்வொன்றாக ஒன்பது பெயர் வரை எழுதினேன். மீதி இரண்டு வரவில்லை. ஒருவர் வெளியூரிலிருந்து தோல் ஷெட்டுக்கு வேலைக்கு வந்திருந்த ஆள். இன்னொன்று ஒரு கைக்குழந்தை; அதன் தாய் தகப்பனும் அதே வாரம் செத்துப்போனார்கள். தெருத் தெருவாக விசாரித்தேன். கிராம முன்சீப்பிடம் போனேன். அவர் கணக்கில் அந்த வாரங்களுக்கு வெறும் எண்ணிக்கைதான் இருந்தது.

கட்டணத்தை எடுத்துவிட வேண்டும் என்று அந்த வருஷக் கமிட்டியில் சொன்னேன். "எடுத்துட்டு வெள்ளையடிக்க என்ன வழி? சொல்லுங்க, செய்யலாம்" என்றார் சாலமோன் பிள்ளை. அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். என்னிடம் வழி இல்லை. ஐந்து ரூபாயாகக் குறைத்தார்கள். நான் வேலையில் இருந்த மீதி இருபத்திரண்டு வருஷமும் அந்த ஐந்து ரூபாயை வசூலித்தேன். ஆனால் ரசீது ஷரத்தை மட்டும் நான் பிறகு மதிக்கவில்லை. உள்ளே வைத்தாலும் வெளியே வைத்தாலும் பெயரை ரிஜிஸ்தரில் ஏற்றினேன். தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு முறை ஆட்சேபம் எழுதினார்கள். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பழைய கோயிலைக் காப்பாற்றப் பணம் வேண்டும். அதை வசூலிக்கத்தான் உங்களை வைத்திருக்கிறார்கள். கூசாமல் கேளுங்கள். ஆனால் ஒருவர் பிணத்தோடு வாசலில் வந்து நின்றால், முதலில் பெயரைக் கேட்டு எழுதுங்கள். வயதைக் கேளுங்கள். தாய் தகப்பன் பெயரைக் கேளுங்கள். அந்த மை காய்ந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். நான் பணத்தை முதலில் கேட்டேன். கடைசிப் பக்கத்தில் பத்தாவது வரியும் பதினோராவது வரியும் இன்றைக்கும் காலியாக இருக்கின்றன.